நடுக்கட்டத்தில் இரண்டு ராஜாக்கள்

ஜன்னல் சீட்டு வேணாம் சார், நீங்களே உக்காருங்க. வெயில் பட்டா போன்ல ஒண்ணும் தெரியாது எனக்கு. அந்தத் திரையை மட்டும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கவா? ம், போதும் போதும். நீங்க எதுவரைக்கும்? பெரம்பலூரா? நான் திருச்சி.

கேம் விளையாடல சார். அதாவது கேம்தான், செஸ். ஆனா ஆடுறது நான் இல்ல. இது லைவ். திருச்சியில ஒரு ஓட்டல் ஹால்ல இப்ப நிஜமா ஆடிட்டிருக்காங்க. பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப். இன்னைக்குக் கடைசி ரவுண்டு. இந்தக் கறுப்பு இருக்கு பாருங்க, இது என் மனைவி. காயைச் சொல்லல, கறுப்புக்கு ஆடுறவங்களைச் சொன்னேன். சுடர்க்கொடி. மூணு தடவை ரெண்டாவதா வந்தவ. இன்னைக்கு ஜெயிச்சா சாம்பியன், டிரா ஆனா நாலாவது தடவையும் ரெண்டாவது.

பயமா? எனக்கு என்ன பயம். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பாக்குறது ஆட்டத்துக்காக மட்டும் இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் அவ என்னைக் கூப்பிடணும். நேத்து சாயங்காலம் சொன்னா, 'நாளைக்கு ஆட்டம் முடியட்டும். நீங்க வரணும்னு தோணுச்சுன்னா நானே கூப்பிடுறேன். கூப்பிடலைன்னா வராதீங்க. நான் கும்பகோணம் போறேன்.' கும்பகோணத்துல அவ அக்கா இருக்காங்க. போனா எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். போனை வெச்சுட்டா.

நான் அதுக்கு முன்னாடியே பஸ் ஏறிட்டேன். எப்படியும் கூப்பிடத்தான் போறா. கூப்பிட்டதும், 'இதோ வாசல்லதான் நிக்கிறேன்'னு சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவா! ஊர்லேர்ந்து கிளம்பும்போதே பெரிய பெட்டியா எடுத்துட்டுப் போனா சார். ஹால்ல ஏசி அதிகம், ஸ்வெட்டர் கிட்டர் வெச்சிருப்பான்னு நானே தூக்கி ஆட்டோவுல வெச்சேன்.

ஒரு நிமிஷம். நகர்த்திட்டா. ம்... குதிரையை உள்ள இழுக்கிறா. சரி, பரவால்ல. எதிர்ல ஆடுறது இந்தூர்ப் பொண்ணு, பதினாறு வயசுதான். இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும், அதுங்களுக்குத் தூக்கம் வராது, முதுகு வலிக்காது. இந்த ஓரத்துல பாருங்க, பாதி வெள்ளை பாதி கறுப்பா ஒரு பட்டை. யார் கை ஓங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டும். இப்ப நேர் பாதியில நிக்குதா, ரெண்டு பேரும் சமம். இன்னொண்ணு, நாம பாக்குறது எல்லாம் பதினஞ்சு நிமிஷம் பழசு. வெளியிலேர்ந்து யாரும் சொல்லிக்குடுத்துறக் கூடாதுன்னு வேணும்னே தாமதமா விடுவாங்க. அதனால அவ இப்ப நெஜத்துல என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அதுதான் சார் தாங்க மாட்டேங்குது.

நான் என்ன பண்றேனா? அலசுறேன். சிரிக்காதீங்க, வேலையே அதுதான். 'செழியன் செஸ்'னு யூடியூப்ல ஒரு சேனல். இளஞ்செழியன்னு முழுப் பேரு. பெரிய போட்டி நடந்தா ரவுண்டுக்கு ரவுண்டு லைவ் போவேன். நான் சென்னையில எங்க வீட்டு ரூம்லேர்ந்து, ரஃபீக்னு ஒருத்தர் கோயம்புத்தூர்லேர்ந்து. இவங்க ஏன் அங்க வெச்சாங்க, அவங்க ஏன் இங்க வைக்கல, எங்க தப்பு, எங்க தப்புக்கு மேல தப்பு, எல்லாம் தமிழ்ல. நல்லாத்தான் போகுது. நேத்து ஒன்பதாயிரம் பேர் பார்த்தாங்க. இன்னைக்கு ரஃபீக்கைத் தனியாப் போகச் சொல்லிட்டேன்.

என் மனைவி ஆடுறதையும் அலசுவேன். ஏன் சார், பார்க்கிறவன் என்ன கேப்பான்? 'உங்க வீட்டு ஆட்டத்தை மட்டும் விட்டுட்டீங்களே'ம்பான் இல்ல? தொழில்னு வந்தா எல்லாரும் ஒண்ணுதான். சொல்லப்போனா அவ ஆட்டத்துலதான் நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன். வேண்டப்பட்டவங்ககிட்ட அப்படித்தானே இருக்கணும்?

நேத்துதான் சார் பிரச்சினை. பத்தாவது ரவுண்டு. அதை நீங்க கேக்கணும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்பு இருக்குன்னு. உங்களுக்கு செஸ் தெரியாதுன்னா இன்னும் நல்லது. தெரிஞ்சவங்க எல்லாம் அவ பக்கம் பேசுறாங்க.

நேத்து சுடருக்கு வெள்ளை. எதிர்ல ஜுனாலின்னு கவுகாத்திக்காரி. நல்ல பிளேயர். ரெண்டு பேரும் பல வருஷமாப் பார்த்துக்கிற ஆளுங்க, போட்டிக்குப் போனா ஒண்ணாத்தான் டீ குடிப்பாங்க. ஆட்டம் போகுது, போகுது, சுடர் கை மெதுவா ஓங்குது. முப்பதாவது நகர்த்தல் கிட்ட நல்ல நிலைமை. அங்க நான் லைவ்ல சொன்னேன், 'பாருங்க மக்களே, இப்ப சுடர்க்கொடி டிரா கேப்பாங்க. எனக்குத் தெரியும். ஜெயிக்கிற இடத்துக்கு வந்ததும் அவங்களுக்கு ஒரு நடுக்கம் வந்துரும். வீட்டுலயும் அப்படித்தான், பஜ்ஜி பாதி வேகும்போதே அடுப்பை அணைச்சிருவாங்க.' ஒரு தமாஷுக்குச் சொன்னது. கமெண்ட்ல எல்லாம் சிரிச்சாங்க. ரஃபீக் மட்டும் சிரிக்கல. அவருக்கு அந்தப் பக்கம் மைக் சரியில்லன்னு நெனச்சேன்.

இருங்க. ஆடிட்டாங்களா? இல்ல, இல்ல. சிக்னல் ஒரு புள்ளிதான் இருக்கு. இந்த மதுராந்தகம் ஏரி பக்கம் எப்பவும் இப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங், முப்பது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. நான் என்ன பண்ணினேன், பழைய கதை ஏதோ சொல்லி ஓட்டிட்டிருந்தேன். திடீர்னு காய் அசையுது. என்ன நகர்த்தல் தெரியுமா? யானை! மூலையில நிக்குமே, அந்த யானை. அதைக் கொண்டுபோய் எதிராளி சிப்பாய் மேல போட்டுட்டா. சும்மா தூக்கிக் குடுக்கிறா! அவ்வளவு பெரிய காயைக் குடுத்து எதிராளி ராஜாவோட கோட்டையை உடைக்கிறா! சார், நான் நாற்காலியிலேர்ந்து எழுந்துட்டேன். 'என்னை மன்னிச்சுருங்க மக்களே, நான் தப்பு, நான் தப்பு'ன்னு கத்துறேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. உண்மையாச் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடி அவ அப்படித்தான் ஆடுவா. நான் அவளை மொத மொதல்ல பார்த்த சேலம் போட்டியில என்னை அப்படித்தான் அடிச்சா. ஆட்டம் முடிஞ்சும் விடல, மாடிப்படியில உக்கார வெச்சு, காந்த போர்டு ஒண்ணை மடியில வெச்சுக்கிட்டு, 'நீங்க இங்க வந்திருந்தா நான் இங்க வந்திருப்பேன், அங்க போயிருந்தா இப்படிச் செத்திருப்பீங்க'ன்னு காட்டிக்கிட்டே இருந்தா. வாட்ச்மேன் வந்து விரட்டுற வரைக்கும். ஆமாம், அப்ப 'நீங்க'தான். பழகினதும் 'நீ' ஆயிடுச்சு. இப்பவும் 'நீ, வா, போ'தான். கோவம் வந்தா மட்டும் மரியாதை வந்துரும். நான் மொதல்ல சொன்னேனே, 'வராதீங்க'ன்னு சொன்னான்னு. அந்த 'ங்க'வைக் கேட்டதும்தான் இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன்.

சரி, யானையைப் போட்டாளா. அப்புறம் மளமளன்னு வருது நகர்த்தல். ஜுனாலி யானையை வெட்டுறா, இவ ராணியைக் கொண்டுவந்து செக் வைக்கிறா, அந்த ராஜா ஓடுது, இவ இன்னொரு யானையையும் குடுக்கிறா! ராஜா நடந்து நடந்து நடுக்கட்டத்துக்கே வந்துருச்சு. எவ்வளவு வேகம்! நான் சொல்றேன், 'பாருங்க இந்தத் தன்னம்பிக்கையை!' நடுவுல ஜுனாலி சம்பந்தமே இல்லாம ஓரத்துல ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினா. அதுக்கு நான் விளக்கம் குடுத்தேன் சார், அஞ்சு நிமிஷம். 'இது ரொம்ப ஆழமான நகர்த்தல், மேலோட்டமாப் பார்த்தா புரியாது, பின்னாடி ராஜாவுக்கு வழி வைக்கிறாங்க'ன்னு. ஸ்கிரீன்ல ரெண்டு பேர் கடிகாரமும் ஓடாம நிக்குது. டெக்னிக்கல் பிரச்சினைன்னு சொன்னேன். கமெண்ட்ல 'அண்ணா பட்டையைப் பாருங்க, அண்ணா பட்டை'ன்னு வருது. பாராட்டுறாங்கன்னு நெனச்சேன். நான் லைவ்ல பட்டையை மறைச்சு வெச்சிருவேன். சொந்த மூளையில அலசுறேன்னு ஒரு பேரு இருக்கு இல்ல. கடைசியில ஒரு சிப்பாயை வெச்சு செக்மேட் பண்ணினா. சிப்பாயை வெச்சு! நான் கை தட்டுறேன், 'இதுதாங்க என் பொண்டாட்டி'ங்கிறேன்.

அப்பத்தான் ரஃபீக் மெதுவாச் சொல்றார். 'செழியன், ஆட்டம் டிரா. அரை மணி நேரமா டிரான்னுதான் போட்டிருக்கு. இது முடிஞ்சப்புறம் அவங்க சும்மா ஆடிட்டிருக்கிறது.'

புரியலையா? சொல்றேன். அந்த போர்டு சாதா போர்டு இல்ல சார், அடியில ஒயர் இருக்கு. காயை எங்க வெச்சாலும் தானா நெட்ல தெரியும். அதனால ஆட்டம் முடிஞ்சதும் ஒரு வழக்கம் உண்டு. கை குடுத்துட்டு, ரெண்டு ராஜாவையும் எடுத்து போர்டு நடுவுல நிறுத்திரணும். வெள்ளை ஜெயிச்சா ரெண்டும் வெள்ளைக் கட்டத்துல, கறுப்பு ஜெயிச்சா ரெண்டும் கறுப்புக் கட்டத்துல, டிரான்னா வெள்ளையில ஒண்ணு கறுப்புல ஒண்ணு. அதைப் பார்த்ததும் மெஷினுக்குத் தெரிஞ்சுரும், ஆட்டம் முடிஞ்சதுன்னு. நேத்து ரெண்டு பேரும் கை குடுத்தாங்க, டிரா, நடுவரும் நெட்ல பதிஞ்சுட்டார். ராஜாவை நடுவுல வைக்க மறந்துட்டாங்க. மறந்துட்டு அங்கயே உக்காந்து, 'இதை ஆடியிருந்தா எப்படி?'ன்னு நகர்த்திப் பார்த்திருக்காங்க. அதெல்லாம் ஆட்டம்னு எங்களுக்கு வந்துருச்சு. அந்த ஓரச் சிப்பாய் இருக்கே, ஆழமான நகர்த்தல்னேனே, அது இவ மேட் பண்ணட்டும்னு அவ வேணும்னே விட்டுக்குடுத்தது. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அங்க இருந்தவங்க போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. சுடர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா சார். அந்தச் சிரிப்பு சிரிச்சு...

தண்ணி இருக்கா? தேங்க்ஸ்.

ஒன்பதாயிரம் பேர் முன்னாடி நான் எப்படி இருந்திருப்பேன், சொல்லுங்க? நடக்காத ஆட்டத்துக்குக் கை தட்டிக்கிட்டு. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். ஆனா நான் யாரு, விடுவேனா? பட்டையை எடுத்து வெளிய போட்டேன். கம்ப்யூட்டரை ஓட விட்டேன். அது ஒரே நொடியில சொல்லிருச்சு, அந்த யானை பலி தப்பு. கறுப்பு ராஜா ஓடவே வேணாம், பேசாம மூலைக்கு ஒதுங்கினா போதும், இவ தோத்தா. 'பார்த்தீங்களா மக்களே, ஆடாம விட்டது நல்லதாப் போச்சு, ஆடியிருந்தா தோத்திருப்பாங்க'ன்னு இருபது நிமிஷம் அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுக் காட்டினேன். இங்க தப்பு, இங்கயும் தப்பு, இந்த மேட்டெல்லாம் குழந்தை விளையாட்டுன்னு. என் மரியாதையைக் காப்பாத்திக்கிட்டேன்னுதான் நெனச்சேன். அந்த இருபது நிமிஷத்தையும் பஜ்ஜியையும் சேர்த்து எவனோ வெட்டி எடுத்துத் தனியாப் போட்டுட்டான். அவ ஆபீஸ் குரூப்ல எல்லாம் சுத்துதாம்.

இது விக்கிரவாண்டிதானே? இறங்கல சார், நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க. எனக்கு இங்க சிக்னல் நல்லா இருக்கு.

வந்துட்டீங்களா. நல்ல நேரத்துல வந்தீங்க, சுடர் கை லேசா ஓங்குது. பட்டை பாருங்க, கறுப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. இப்ப அவசரப்படாம இருக்கணும். எனக்குக் கடலையா? வேணாம்... சரி, ரெண்டு குடுங்க.

நேத்து சாயங்காலம் நானே போன் பண்ணினேன். மொத ரிங்லயே எடுத்தா. எடுத்ததும் நான் சொன்னேன், 'சுடர், அந்த யானை பலி இருக்கே, ராஜா மூலைக்குப் போனா அதுல ஒண்ணுமே இல்ல.' டீ டம்ளரைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், 'தெரியும்'னா. 'ஜுனாலிக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வெச்சோம்.' 'தெரிஞ்சு எதுக்கு வைக்கணும்?'னேன். 'சும்மா.' 'சும்மான்னா?' 'சும்மான்னா சும்மா, செழியன். நீ சும்மா ஒரு காயை நகர்த்தி எவ்வளவு நாள் ஆச்சு?'

பாருங்க, அது வரைக்கும் 'நீ'தான். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்ப நான் ஒண்ணு கேட்டேன். மனசுல இருந்ததைக் கேட்டேன் சார். 'நாலஞ்சு வருஷமா என்கூட உக்காந்து ஒரு ஆட்டமும் போட்டுப் பார்க்கல நீ. அவகூட அரை மணி நேரம் உக்காந்திருக்க. என்கிட்ட ஏன் காட்டல?'ன்னேன். எனக்கு எரிச்சல். பொறாமைன்னே வெச்சுக்கோங்க. அந்தப் போட்டோவைப் பார்த்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. ஆம்பளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாக்கூட ஊர்ல நாலு பேர் பரிதாபப்படுவாங்க. நான் ஒரு செஸ் போர்டைப் பார்த்துப் பொறாமைப்படுறேன்.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'உங்ககிட்ட காட்டினா பட்டை என்ன சொல்லுதுன்னு சொல்வீங்க.'

அங்கதான் 'ங்க' வந்துச்சு. அப்புறம்தான் அந்தக் கும்பகோணம்.

நியாயமாச் சொல்லுங்க. பட்டை காட்டுற அந்தக் கம்ப்யூட்டர் மெஷினை வாங்கினதே அவளுக்காக. பெரிய மெஷின், வீட்டு ஹால்ல ஓடிக்கிட்டே இருக்கும், ஃபிரிட்ஜ் மாதிரி. மொதல்ல எல்லாம் அவ எந்த ஊருக்குப் போனாலும் ஆட்டம் முடிஞ்சதும் போன் பண்ணி, போர்டே இல்லாம முழு ஆட்டத்தையும் வாயாலயே சொல்லுவா. நான் இங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன். 'ஐயோ, அங்கயா வெச்ச!'ன்னு நான் கத்துவேன், அவ சிரிப்பா. மெஷின் வந்தப்புறம் அவ சொல்லச் சொல்ல நான் அதுல போட்டுருவேன். அவ முடிக்கிறதுக்குள்ள எங்க தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுரும். நேரம் மிச்சம் பாருங்க. அவ பதினெட்டாவது நகர்த்தல்ல இருப்பா, நான் சொல்லிருவேன், 'இருபத்தி மூணுல கோட்டை விட்டுட்டியே'ன்னு. அப்படியே மெல்ல மெல்ல, 'நீ நெட்லயே பார்த்துக்கோ'ன்னு சொல்ல ஆரம்பிச்சா. அவளுக்கும் களைப்பு இருக்கும் இல்ல. நானும் கட்டாயப்படுத்தல.

ஐயய்யோ.

ஐயய்யோ, என்ன பண்றா! சார், பாருங்க இதை. யானையைக் குடுக்கிறா! நல்லா இருந்த ஆட்டத்துல, அந்தப் பொண்ணோட சாதாக் குதிரைக்குப் போய் ஒரு யானையைக் குடுக்கிறா! பட்டை பாருங்க, எப்படி இறங்குது. தப்பு சார். தப்பு, தப்பு, தப்பு. நேத்து ஜுனாலிகூட விளையாடிட்டு அந்த நெனப்புலயே இருக்கா. அக்கம்பக்கம் பார்க்கிறாங்களா? மன்னிச்சுக்கோங்கம்மா, சத்தம் போட்டுட்டேன். அது ஒண்ணுமில்ல, செஸ்.

அந்த இந்தூர்ப் பொண்ணு யோசிக்குது. யோசிக்கட்டும். யானையை எடுத்துட்டு ராணியைப் பின்னாடி இழுத்தா முடிஞ்சது கதை. பட்டை சொல்லுது. ஒரே ஒரு வழிதான் இருக்கு, ஆனா இருக்கு. சின்னப் பசங்க இதையெல்லாம் கண்டுபிடிச்சுரும்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டிட்டமா? நான் கவனிக்கல.

வந்துருச்சு. ராணியை... முன்னாடி வைக்குது! பின்னாடி இழுக்கல! சார், முன்னாடி வெச்சுருச்சு! பட்டை பாருங்க, தலைகீழா. பயந்துருச்சு சார் பிள்ளை. அந்த யானையைப் பார்த்ததும் பயந்துருச்சு. இப்ப சுடர் செக் வைக்கணும், வெச்சுட்டா. அடுத்து பிஷப். வெச்சுட்டா. ஐயோ, என்ன அழகா வைக்கிறா. தப்புதான், மொதல்ல வெச்சது தப்புதான், அதுல மாற்றமில்ல, ஆனா இது...

பேசாதீங்க, ஒரு நிமிஷம்.

நகருது. ராஜா. ரெண்டு ராஜாவும் நடுவுக்கு வருது. இது ஒண்ணு கறுப்புக் கட்டம். அது? அதுவும் கறுப்பு. ரெண்டும் கறுப்பு! ஜெயிச்சுட்டா சார்! சாம்பியன்! என் பொண்டாட்டி இந்தியா சாம்பியன்! கண்டக்டர் சார், என் மனைவி ஜெயிச்சுட்டாங்க! கை குடுங்க. உங்க கை ராசி சார், நீங்க டீ குடிச்சுட்டு வந்ததும்தான் பட்டையே ஏறுச்சு.

தேங்க்ஸ்மா. ஆமாம், ஆமாம், செஸ்லதான். ரொம்பத் தேங்க்ஸ்.

இனி பாருங்க, போன் வரும். இப்ப வந்துரும்.

என்ன கேட்டீங்க? பதினஞ்சு நிமிஷமா? ஆமாம், நாந்தான் சொன்னேன். நமக்கு இப்ப தெரியுது, அங்க முடிஞ்சு பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆமாம். அதனால என்ன? சும்மாவா சார், தேசிய சாம்பியன். கையெழுத்துப் போடணும், பேட்டி குடுக்கணும், போன் வேற ஹாலுக்கு வெளிய லாக்கர்ல இருக்கும், அதுக்கு டோக்கன் குடுத்து வாங்கணும். அங்க ஒரே கூட்டமா இருக்கும். பதினஞ்சு நிமிஷம் எல்லாம் ஒரு நேரமா?

ஆட்டத்தை அலசுவாங்க, அதுவும் இருக்கு. இப்ப காய் அசையும் பாருங்க. அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட, 'நீ ராணியைப் பின்னாடி இழுத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்'னு காட்டுவா. அவளால காட்டாம இருக்க முடியாது. பார்த்துக்கிட்டே இருங்க.

என்ன, அசையல. ரெண்டு ராஜாவும் அப்படியே நிக்குது. என் போன் நின்னுருச்சா? உங்க போன்ல ஒரு தடவை பார்க்கலாமா? இல்ல, இதுல நான் போட்டுத் தர்றேன்... ம். இதுலயும் அப்படியேதான் நிக்குது.

அங்கயே பக்கத்துல இன்னொரு ரூம் உண்டு. டீ வெச்சிருப்பாங்க. ஒயர் இல்லாத சாதா போர்டு நாலஞ்சு கிடக்கும். அங்க போயிருப்பா. நேத்து நடந்ததுல கத்துக்கிட்டிருப்பா இல்ல. அங்க உக்காந்து என்ன ஆடினாலும் வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வழியே இல்ல.

நல்லதுதான். என்னைக் கேட்டா அதுதான் முறை.

கூப்பிட்டதும் மொதல்ல வாழ்த்துச் சொல்லிரணும். அந்த யானையைப் பத்தி உடனே பேசக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? மொதல்ல வாழ்த்து, அப்புறம் சாப்பிட்டியான்னு கேக்கணும். அதுக்கப்புறம் மெதுவா, 'ராணியைப் பின்னாடி இழுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?'ன்னு கேட்டாப் போதும். கேக்குறதுதானே, தப்புன்னா சொல்லப் போறேன்? அவளுக்கே தோணும். தோணினா ஒரு நாளைக்கு எனக்குத் தேங்க்ஸ் சொல்லுவா.

பெரம்பலூரே வந்துருச்சா? பையை மறந்துறாதீங்க, மேல இருக்கு. இறக்கித் தரேன் இருங்க. இந்தாங்க.

என்ன, இங்கயே இறங்கணுமா நானும்? திரும்பிப் போற பஸ் எதிர்ப்பக்கம் நிக்குமா? நான் எதுக்கு சார் திரும்பணும்? இன்னும் ஒரு மணி நேரத்துல திருச்சி. இல்ல இல்ல, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, தெரியுது.

சார், ஒரே ஒரு உதவி. இறங்குறதுக்கு முன்னாடி என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. இந்த சிம் அப்பப்போ தகராறு பண்ணும், கூப்பிடுறவங்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு சொல்லும். அவளும் அங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு இருப்பா, பாவம். நம்பர் சொல்றேன், போடுங்க... ஆங், அதேதான். போடுங்க.

அடிக்குது.

அடிக்குது சார். நல்லாத்தான் அடிக்குது.

கட் பண்ணிருங்க. கட் பண்ணிருங்க சார், அந்த நேரம் பார்த்து அவ கூப்பிட்டான்னா லைன் பிஸின்னு வரும்.